சாஸ்தா தெரியாத வீடு

உப்பளத்தில் செல்லக்கிளியைச் சிலோன்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பிறந்தது கண்டிச்சீமையில், தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில். புருஷன் சொரிமுத்து நெஞ்சடைத்துச் செத்து அங்கேயே மண்ணுக்குள் போனான். இரண்டு சர்க்காரும் பேசி ஆட்களைப் பிரித்துக்கொண்டதில் அவள் பெயர் இந்தியாவின் பக்கம் விழுந்தது. எழுபத்திரண்டில் மகள் பேச்சித்தாயோடு தலைமன்னாரில் கப்பலேறினாள். மண்டபம் முகாமில், எந்த ஊருக்குப் போகிறாய் என்று கேட்டார்கள். தன் தாத்தா கப்பலேறிய துறை என்று சொரிமுத்து சொல்லிச் சொல்லி அவள் காதில் தங்கியிருந்த பெயர் தூத்துக்குடி ஒன்றுதான். அதைச் சொன்னாள்.

தாயும் மகளும் உப்பு சுமந்தார்கள். மூன்றாம் வருஷம் பேச்சித்தாயைப் பெண் கேட்டு சங்கரம்மாள் வந்தாள். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிறவள். அவள் மகன் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். சாதி ஒன்று, பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்திருந்தது. சங்கரம்மாள் பூவோடுதான் வந்திருந்தாள்.

"ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன் மைனி. ஒங்க வீட்டுக்காரருக்கு சாஸ்தா எது?"

"தோட்டத்துல மாரியம்மனத்தான் கும்பிட்டோம்" என்றாள் செல்லக்கிளி.

"அது எல்லாருக்கும் பொதுல்லா. நான் கேக்கது வம்சத்துச் சாமி. ஒரே சாஸ்தாவக் கும்பிடுதவுக பங்காளிக. அண்ணன் தங்கச்சி மொற. தெரியாம எப்படிக் கட்டுதது?"

சொரிமுத்து அவளிடம் அதைச் சொன்னதே இல்லை. சங்கரம்மாள் கோபிக்கவில்லை. பங்குனி உத்திரத்துக்குள் விசாரித்துச் சொல்லுங்கள் என்று சொல்லி, கொண்டுவந்த பூவை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

செல்லக்கிளி கையில் இருந்தது தோட்டத்துக் கிளார்க் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த குடும்ப அட்டை. அதில் சொரிமுத்துவின் பூர்வீக ஊர் இருந்தது. தாத்தா பெயர் மாடன் என்பது அவளுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே வீடுவீடாக ஆள் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனாள்.

ரெக்கார்டு ரூமில் செபாஸ்டின் என்று ஒருவர் இருந்தார். புன்னைக்காயல்காரர், முகம் கோணாத மனுஷன். அட்டையை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார்.

"இத கோலம்பட்டின்னும் வாசிக்கலாம், கொல்லம்பட்டின்னும் வாசிக்கலாம். அவரு எப்படிச் சொல்வாரும்மா?"

"கொளம்பட்டின்னு சொல்வாரு."

செபாஸ்டின் பழைய சென்சஸ் புத்தகம் ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். குளம்பட்டி இரண்டு இருந்தது. செல்லக்கிளி எட்டிப் பார்த்தாள். எழுத்தைவிட எண்கள்தான் அதிகமாகத் தெரிந்தன.

"பேரு எங்கய்யா?"

"பேரு இருக்காதும்மா. வீடு எத்தன, ஆம்பள எத்தன, பொம்பள எத்தன, அவ்வளவுதான். பேரு எழுதுன தாளத் தொகை போட்டதும் அழிச்சிருவாக."

"அப்ப அவரு தாத்தா இதுல இல்லையா?"

"இருப்பாரு. இந்தத் தொகையில ஒரு ஆளா இருப்பாரு."

உப்பில் வெடித்த விரலை அந்த எண்ணின்மேல் அவள் வைத்துப் பார்த்தாள். செபாஸ்டின் தடுக்கவில்லை. "எங்க ஊர்ல கோயில்ல ஞானஸ்நானப் புஸ்தகம் இருக்கும். பாட்டன் பூட்டன்னு தேடிப் போயிரலாம். ஒங்களுக்கு அப்படி ஒண்ணு இல்லாமப் போச்சு" என்றார். பிறகு, சிலோனுக்கு ஆள் ஏற்றிய காலத்துப் பதிவுகளைக் கேட்டு அவரே மெட்ராசுக்கு எழுதிப் போட்டார். எந்த வருஷம், எந்தக் கப்பல், ஆள் பிடித்துப்போன கங்காணி யார் என்று கேட்டுப் பதில் வந்தது. செல்லக்கிளிக்கு ஒன்றும் தெரியாது. மாடன் என்ற பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இந்தச் சீமையில் தெருவில் நின்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள்.

முதல் குளம்பட்டி எட்டயபுரத்துக்கு அப்பால் கரிசல் காட்டில் இருந்தது. பஸ் இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தாள். சிலோனுக்குப் போன மாடன் வகையறா உண்டா என்று கேட்டதும் வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் ஒருவர்தான் வாய் திறந்தார்.

"காட்டுல பங்கு கேட்டு வந்தியாளா?"

"பங்கெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. சாமி பேரு தெரிஞ்சா போதும்."

"மொதல்ல சாமிம்பாக. பொறவு பட்டா எங்கம்பாக. இங்கேயிருந்து யாரும் போகல."

உண்மையிலேயே போகவில்லையோ, பயந்து சொன்னாரோ, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த ஊரில் அவளுக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள்.

இரண்டாவது குளம்பட்டிக்கு நேரே, பிந்திய கணக்குகளில் குடியில்லை என்று போட்டிருப்பதாகச் செபாஸ்டின் முன்னமே சொல்லியிருந்தார். ஆனாலும் போனாள். உடைமரக் காடு. இடிந்த கிணறு ஒன்று. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டாள்.

"பேதி வந்து ஊரே காலியாப் போச்சாம்லா, எங்கய்யா காலத்துல. மிஞ்சுனவுக, போற எடத்துல சாமிய வைக்கதுக்குப் பிடிமண் எடுத்துட்டு எங்கனயோ போயிட்டாக."

"எந்தச் சாமி?"

"யாருக்குத் தெரியும்? அவுக சாமிய அவுக கொண்டு போயிட்டாக."

ஊர்தான் இல்லை, சாமியாவது இருக்கும் என்று நினைத்து வந்தவள் முள்ளை விலக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அன்று பேச்சித்தாய் கேட்டாள். "ஏதாவது ஒரு சாஸ்தா பேரச் சொல்லிட்டா என்னம்மா?"

"சொல்லிரலாம். நெசத்துல அவங்க சாஸ்தாவே நம்ம சாஸ்தாவா இருந்துட்டா?"



பங்குனி உத்திரத்தன்று உப்பளத்தில் வேலை இல்லை. அவரவர் சாஸ்தா கோயிலுக்கு வண்டி கட்டியும் பஸ் பிடித்தும் போய்விட்டார்கள். தெருவில் ஆள் இருந்தது சிலோனிலிருந்து வந்தவர்கள் வீடுகளில் மட்டும்தான். திரும்பி வந்த சங்கரம்மாள் திருநீறு கொண்டுவந்து கொடுத்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. வைகாசியில் அவள் மகனுக்குக் குலசேகரன்பட்டினத்தில் பெண் எடுத்தார்கள். பேச்சித்தாய் அந்த வாரமும் வேலைக்குப் போனாள். அவன் லாரி வரும்போது மட்டும் பாத்தியின் மறுகோடிக்கு நகர்ந்துகொண்டாள்.

எழுபத்தெட்டில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வன்னியபெருமாள், அதே தெருவில் இருந்தவன். அவன் குடும்பமும் கப்பலில் வந்ததுதான். அவன் வீட்டில் யாரும் சாஸ்தாவைக் கேட்கவில்லை; அவர்களுக்கும் தெரியாது. மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையைக் குலசாமி முன்னால் வைக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். செல்லக்கிளி அதை உப்பளத்து வாசல் பிள்ளையாரிடம் வைத்துவிட்டு வந்தாள்.

தாலி கட்டுவதற்கு முந்தின நாள் வன்னியபெருமாள் பந்தலுக்குக் கால் ஊன்றிக்கொண்டிருந்தான். செல்லக்கிளி அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் முப்பாட்டன் ஊர் எது, அதுவும் குளம்பட்டிதானா என்று கேட்க வாய் வரை வந்தது.

"என்ன அத்தை?" என்றான்.

"ஒண்ணுமில்ல. அந்தப் பந்தக்கால நல்லா இறுக்கிக் கட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கடைசிவரை அவள் அதைக் கேட்கவே இல்லை.