பத்து விநாடியில் தொண்ணூற்று நான்கு

கொண்டாப்பூர் அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் கணினியில் துப்பாக்கிச் சண்டை ஆடுவோம். இன்னொரு கம்பெனியோடு பேகம்பேட்டில் போட்டி முடிவானது. ஐந்து பேர் அணியில், மேனேஜரையும் சேர்த்து, நான்கு பேர் தயார். மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு நானும் பக்கத்து இருக்கை நண்பனும் போட்டி.

அவன் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழன். உருது கலந்த அவன் பேச்சைக் கேட்பதற்காகவே நான் சீக்கிரம் வருவேன். அப்போது அவன் பெஞ்சில் இருந்தான். கையில் ப்ராஜெக்ட் இல்லை. இப்படியே போனால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். "மேனேஜர் பக்கத்துல ஒரு நாள் உக்காந்து ஆடினா, என் மூஞ்சியாவது ஞாபகம் இருக்கும்ல பா" என்றான். எனக்கோ அது வெறும் ஆசைதான்.

பத்து விநாடியில் அதிகம் கிளிக் செய்பவனுக்கு இடம். எண்ணிச் சொல்ல ஓர் இணையப் பக்கம் இருந்தது. ஒரு வாரம் பழகினோம். முன்கையை இறுக்கி விரலை நடுங்கவிட்டால் எண்ணிக்கை ஏறும், மணிக்கட்டு வலிக்கும். அவன் ஐம்பத்தெட்டிலிருந்து எழுபத்தொன்றுக்கு வந்தான். "என் விரல் கவர்மென்ட் ஆபீஸ் கிளார்க் மாதிரி. டீ குடிக்காம அசையாது" என்பான்.

அவரவர் மௌஸைத்தான் தொடுவோம், அது எங்களுக்குள் வழக்கம். தேர்வு நாள் காலை, ஒரு தடவை அமுக்கியதற்கே என் கோப்பு திறந்துகொண்டது. பட்டன் தேய்ந்து, ஓர் அழுத்தத்தை இரண்டாக அனுப்புகிறது. தெரிந்தும் அந்த மௌஸையே எடுத்துப்போனேன். அவனுக்கு எழுபத்தொன்று, எனக்குத் தொண்ணூற்று நான்கு.

"ஹவ் பா, ஆமா, நீ மிஷின்" என்று கைகொடுத்தான்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, "உன் டெக்னிக் என்னன்னு பாக்கறேன்" என்று என் மௌஸை இழுத்துக்கொண்டான். மெதுவாகப் பத்து முறை அமுக்கினான். திரையில் பத்தொன்பது.

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்குக் காலையிலேர்ந்து."

மௌஸைத் தள்ளி வைத்தான். "சாப்பிடப் போலாம், நட."

அந்த இரண்டு நாளும் மேனேஜர் அறைவாசலைப் பலமுறை கடந்தேன். உள்ளே போகவில்லை. பேகம்பேட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடி, தோற்றோம். அதன்பின் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்.

அடுத்த மாதம் மேனேஜர், வேலையிலிருந்து அனுப்பப்படுவோர் பட்டியலில் நண்பனின் பெயரைக் காட்டி, இவன் யார் என்று கேட்டார். நல்ல வேலைக்காரன் என்றேன். முன்பே சொல்லியிருக்கலாமே, பட்டியல் மேலே போய்விட்டதே என்றார்.

கடைசி நாள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நண்பன் என்னிடம் வந்தான்.

"நீயே உள்ள போய்ச் சொல்லுவேன்னு ரெண்டு நாள் பார்த்தேன் பா."

நான் வாய் திறப்பதற்குள், "இப்ப நக்கோ, வேணாம், விடு" என்று பையை மாட்டிக்கொண்டான்.