ரதி போட்ட கையெழுத்து

கனடாவில், மில்லிக்கன் பகுதியில், ஸ்டீல்ஸ் வீதியோரம், மரக்கறி வெட்டிப் பைகளில் அடைக்கிற பக்டரி ஒன்றில் ரதி பதினாறு வருடமாக வேலை செய்கிறாள். வெட்டுகிற மேசையில் நிற்பவர்கள் அநேகமாக யாழ்ப்பாணத்துப் பெண்கள். அவர்களில் ஆங்கிலம் வடிவாகப் பேசத் தெரிந்தவள் ரதிதான். சூப்பவைசர் மாக்கஸுக்கு எதையாவது விளங்கப்படுத்த வேண்டியிருந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்.

ஜெஸீமா அந்த மேசைக்குப் பிந்தி வந்து சேர்ந்தவள். ரதியைவிட எட்டு வயது இளையவள், முக்காடு போடுகிறவள். ஸ்காபரோவில் இருவரும் அடுத்தடுத்த கட்டடங்களில் இருந்ததால் ஐந்து வருடமாக ரதியின் காரிலேயே வேலைக்குப் போய் வந்தார்கள். ஊர் எது என்று முதல் நாள் கேட்டதற்கு "புத்தளம்" என்றாள். ரதி அதற்குமேல் விசாரிக்கவில்லை. காரில் பேசுவதெல்லாம் ரதிதான்.

அவளிடம் ஒரு கதை இருந்தது. தொண்ணூற்றாறில் கனடா விசாவுக்காக வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அவள் காத்திருந்தபோது, கொழும்பில் மத்திய வங்கிக்குத் தமிழ் இயக்கத்தவர் குண்டு வைத்தார்கள். பொலிஸ் வந்து லொட்ஜில் இருந்த தமிழ்ப் பெண்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு நாள் ஸ்டேஷன் தரையில் இருந்துவிட்டுத் திரும்பினால், தினமும் பாண் தருகிற சிங்களக் கடைக்காரி முகம் பார்க்கவே மறுத்துவிட்டாள்.

"நான் என்ன செய்தனான், ஜெஸீமா? என்ர பேர் மட்டும்தான் பிழை" என்பாள் ரதி.

"பாவம் அக்கா நீங்கள்" என்பாள் ஜெஸீமா.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறன்று, இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. ரதியின் தங்கை மட்டக்களப்பில் கலியாணம் செய்திருந்தாள். அங்கேயும் ஒரு தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அவள் தப்பினாள். அவளுடைய பக்கத்து வீட்டு ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஆராதனைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்று செய்தி வந்ததும் தங்கை போனில் கத்தினாள். "உவங்கள் எல்லாரும் ஒண்டுதான் அக்கா!"

திங்கட்கிழமை காலை ரதி ஜெஸீமாவுக்குப் போன் எடுத்தாள். "கார் ஸ்டார்ட் வருதில்லை. நீர் பஸ்ஸில போம்." சொல்லிவிட்டு அதே காரில் வேலைக்குப் போனாள். இருபது நிமிடம் பிந்தி வந்த ஜெஸீமா வாசலில் நின்ற காரைக் கட்டாயம் பார்த்திருப்பாள். நேரே வந்து கத்தியை எடுத்துக்கொண்டு மேசையில் நின்றாள்.

மத்தியானம் பொன்னம்பலம் அண்ணை மாக்கஸுக்கு எழுதிய ஒரு கடிதத்தோடு சாப்பாட்டு அறைக்கு வந்தார். பக்டரியில் எல்லோரும் மதிக்கிற மனிதர். "ஜெஸீமா ஏதும் செய்தா எண்டு நான் சொல்லேல்லை. ஆனா கத்தி பிடிக்கிற மேசையில அவவோட நிக்க எங்கட பெண்டுகளுக்குப் பயம். அதைத்தான் எழுதியிருக்கு" என்றார். ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாவது பெயர் ரதியுடையது.

செத்துப்போன அந்தப் பிள்ளையைத்தான் அப்போது நினைத்தேன் என்று ரதி பின்னாளில் சொன்னாள். அது உண்மைதான். அந்தப் பிள்ளைக்கும் ஜெஸீமாவுக்கும் என்ன தொடர்பு என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் மாக்கஸ் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஜெஸீமாவைப் பெட்டி அடுக்குகிற பக்கத்துக்கு மாற்றப் போவதாகவும், காரணத்தைத் தமிழில் சொல்லும்படியும் ரதியிடம் கேட்டார். கடிதத்தை மேசையில் வைத்தார். ரதி வாசித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். 'பயம்' என்ற சொல்லை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்தாள்.

ஜெஸீமா கடிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, உதில உங்கட கையெழுத்தும் கிடக்கு."

"ஓம்."

ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மாக்கஸ் கேட்டார்.

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ அக்கா" என்றாள் ஜெஸீமா. "நான் பிறந்தது யாழ்ப்பாணம், முஸ்லிம் ஆக்கள் இருந்த சோனகத் தெரு. தொண்ணூறில, எனக்குப் பதினொரு வயசா இருக்கேக்க துவக்கோட வந்து, முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ரெண்டு மணித்தியாலத்தில ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னவை. வாப்பாவின்ர கடை, வீடு எல்லாம் போச்சு. புத்தளத்தில அகதிக் காம்பிலதான் வளந்தனான். வந்தவை தமிழ் ஆக்கள். ஐஞ்சு வருசமா நான் ரதி அக்காவின்ர காரில ஏறினனான். ஒரு நாளும் அவவை அந்த ஆக்களெண்டு நினைக்கேல்லை."

அது நடந்தபோது ரதிக்குப் பத்தொன்பது வயது, அவளும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தாள். அடுத்த கிழமை ரியூசனுக்குச் சைக்கிளில் அந்தத் தெருவால் போயிருந்தாள். வீடுகளின் கதவுகள் ஆவென்று திறந்து கிடந்தன. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஜெஸீமாவின் பேச்சில் யாழ்ப்பாணம் அப்படியே இருந்ததை ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தும், புத்தளத்துக்காரிக்கு இந்தத் தமிழ் எப்படி வந்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

ரதி ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். "வந்தவை தமிழ் ஆக்கள்" என்பதையும் சொன்னாள். பிறகு தன் பங்குக்கு, "நான் போட்ட கையெழுத்துப் பிழை. இவளிடம் எனக்கு ஒரு பயமும் இல்லை. என் பெயரை வெட்டுங்கள்" என்றாள்.

மாக்கஸ் கடிதத்தை எடுத்து மடித்தார். "நீங்கள் எல்லோரும் ஒரே ஆட்கள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்" என்றார். ஜெஸீமா மேசையிலேயே நிற்கட்டும் என்று முடிவு செய்தார்.

அதன் பிறகு பொன்னம்பலம் அண்ணை ரதியோடு பேசுவதை நிறுத்தினார். மேசையில் இரண்டு பெண்கள் அவளைக் காணாதது மாதிரித் திரும்பிக்கொண்டார்கள். ரதி தங்கையிடம் போனில், "குண்டு வைச்சவன் வேற, என்னோட வேலை செய்யிறவள் வேற. என்னைப் பொலிஸ் ஏத்திக்கொண்டு போனதை மறந்துபோனியோ?" என்று கேட்டாள். தங்கை போனை வைத்துவிட்டாள். திரும்ப எடுக்க மூன்று மாதம் ஆனது.

ஜெஸீமா கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. கத்தி தீட்ட வேண்டுமென்றால் கேட்பாள், சிரிப்பாள். ஆனால் காரில் ஏறவில்லை. "பரவாயில்லை அக்கா, பஸ் பழகிப் போச்சு" என்றாள். பனிக்காலத்தில்கூட அதே பதில்தான். அடுத்த வருடம் ஒஷாவாவில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

இப்போதும் ஈத் பெருநாளுக்கு ரதி போன் எடுப்பாள். பிள்ளைகளைப் பற்றி, முழங்கால் நோவைப் பற்றிக் கதைப்பார்கள். மன்னித்துவிட்டாயா என்று ரதி இதுவரை கேட்டதில்லை. கேட்டால் ஜெஸீமா உடனே ஓம் என்று சொல்லிவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவு லேசாக அது தனக்குக் கிடைக்கக் கூடாது என்று நினைக்கிறாள்.