தாலியை ஆட்டிக் காட்டிய நாள்

துணி துவைக்கிற சிவப்புச் சவுக்கார வாசனை... இன்றும் எங்காவது அடித்தால் எனக்கு அந்தத் தடுப்பு முகாம் வாசல்தான் ஞாபகம் வரும். துவைத்த சாரத்தைக் கொடுத்து அழுக்குச் சாரத்தை வாங்கிவர, எங்கள் ஊர் நாலந்தாவிலிருந்து வாராவாரம் மாத்தளைக்குப் பஸ் ஏறுவேன்.

உள்ளே இருந்தவர் என் வீட்டுக்காரர். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பித்தவர். தோட்டத்துச் சனங்களுக்குப் பிரஜாவுரிமை வேண்டும் என்று கூட்டத்தில் பேசினார்... பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எண்பதுகள் அப்படித்தான் இருந்தன.

அங்கேயும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. சாரத்து நூலை உருவி, சவுக்காரத் துண்டைக் கட்டி ஊசல் போல ஆட்டி, ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கு எழுதியிருக்கிறார். அந்தத் தாள் அகப்பட்டுவிட்டது.

பெரிய அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். "இது குண்டுக்கு நேரம் பாக்கிற கணக்கு. இன்னைக்கே கொழும்புக்கு அனுப்புறோம்" என்றார், அனுப்பப்போகிறவர்களின் லிஸ்டைக் காட்டி. அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் கண்டதில்லை.

ஆனால் அந்த விளையாட்டு எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் படத்துக்குக் கூட்டிப்போவார் என்று பார்த்தால், சாவியை நூலில் கட்டி ஆட்டிவிட்டு, "எண்ணு புள்ள" என்பார்!

அதேபோல ஆட்டிக் காட்டலாம் என்றால், சாவி இருந்த கைப்பையை வாசலிலேயே வாங்கிவிட்டார்கள். என்னிடம் இருந்தது கழுத்து மஞ்சள் கயிறு மட்டும்.

கழற்றினேன். புருஷன் உயிரோடு இருக்கையில் எவளும் செய்யாத வேலை.

"மாத்தயா, கொஞ்சமா ஆட்டினாலும் கூடுதலா ஆட்டினாலும் ஒரே நேரந்தான் எடுக்கும். மணிக்கூட்டப் பாருங்க" என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பாடம் என்றேன்.

நம்பாமல் தானே வாங்கி ஆட்டினார். இருபது வரை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

பிறகு லிஸ்டில் ஒரு பெயரை வெட்டினார். என் முகத்தைப் பார்க்காமல் தாலியை நீட்டி, "கட்டிக்குங்க" என்றார்.

மாமியார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அடுத்த வருஷம் விடுதலையாகி வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன்.

"கயிறு எத்தன அங்குலம் இருந்துச்சு? அளக்கலியா?" என்றார். அப்புறம்தான் அழுதார்.

அன்று பத்து நிமிஷம் பார்க்க நாள் முழுக்கக் காத்திருந்தேன். இன்று அடுத்த அறையில்தான் இருக்கிறார்... மூன்று முறை கூப்பிட்டாலும் சாப்பிட வருவதில்லை. நன்றாகத் திட்டுகிறேன். திட்டும்போதே கை கழுத்துக்குப் போய்விடுகிறது.

பிள்ளைகள் வாங்கித் தந்த தங்கச் செயின் அலுமாரியில் கிடக்கிறது. கழுத்தில் இன்னும் மஞ்சள் கயிறுதான்.