போய்ச் சேரும்வரை

தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட பெண் அவர். மூக்குக்கண்ணாடி எப்போதும் தலைமேல் இருக்கும். ஒரு ஃபேனை நிறுத்துவதென்றாலும், "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நிறுத்துவார்.

அன்று என் கணவரின் இதய ஸ்கேன் படங்கள், ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டருக்குப் போய்க்கொண்டிருந்தன. படங்களை அனுப்பும் சர்வர் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க நிறுத்தப்போவதாக வரவேற்பறையில் சொன்னார்கள். பாதியில் நின்றால் ஆபரேஷன் தள்ளிப்போகும். பதறி, கம்ப்யூட்டர் அறையில் இருந்த அந்தப் பெண்ணிடம் ஓடினேன்.

"பயப்படாதீங்கக்கா. சர்வர் இனிமே புதுசா எதையும் எடுத்துக்காது. போயிட்டிருக்கிறதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் நிக்கும். அப்படித்தான் செட் பண்ணியிருக்கேன்."

படங்கள் போய்ச் சேர்ந்தன. கைகூப்பினேன். அவர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "இருங்கக்கா, இன்னொருத்தரோடது போயிட்டிருக்கு" என்றார்.

என் கணவர் பிழைத்துக்கொண்டார். முகம் தெரியாத அந்த இன்னொருவரும் நன்றாக இருக்கவேண்டும் என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.