சேசிஸில் போட்ட ஓட்டைகள்

ஓசூரில் பெங்களூர் ரோட்டோரம் லாரிக்கு பாடி கட்டும் ஷெட் வைத்திருந்தேன். அறுபதுகளின் கடைசி. பெரிய தொழிற்சாலைகள் வராத காலம். ரோட்டில் லாரிகள் மட்டும் பெருகிக்கொண்டிருந்தன. வேலை கூடினால் மரவேலையைப் பக்கத்து ஊரான தளியிலிருந்து வரும் ஒரு ஆசாரிக்கு கான்ட்ராக்ட் விடுவேன். மாட்டுவண்டி செய்து பழகிய கை. சுத்தமான வேலைக்காரர், குறை சொல்ல மாட்டேன்.

அந்த முறை வந்தது புத்தம்புது வண்டி. சொந்தக்காரர் கிருஷ்ணகிரிக் கிறிஸ்தவர். ஊரான் லாரியையே ஓட்டி ஓட்டி அலுத்துப்போய், மனைவி பேரிலிருந்த நிலத்தை அடகு வைத்து இதை வாங்கியிருந்தார். முதல் நடையில் அந்தம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து ஊருக்குக் கூட்டிப்போய், பங்குச் சாமியார் கையால் வண்டியை மந்திரிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

பலகை வாங்க வெளியூர் போய்த் திரும்பினேன். பாடி ஜம்மென்று நின்றது. குனிந்து அடியில் பார்த்தேன். அடிச்சட்டத்தில் வரிசையாக ஓட்டைகள்.

மொத்தச் சுமையையும் தாங்குவது சேசிஸின் இரண்டு நீள இரும்புச் சட்டங்கள்தான். பாடியின் குறுக்குக் கட்டைகளை யூ எழுத்துபோல வளைந்த யூ போல்ட் போட்டு, சட்டத்தைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டும். சட்டத்தின் விளிம்பில் மட்டும் ஓட்டை போடவே கூடாது. போட்டால் அங்கே கீறல் விட்டு, ஒருநாள் பாரத்தோடு முறியும். ஆசாரி ஒவ்வொரு கட்டைக்கும் நேராகச் சட்டத்தின் விளிம்பைத் துளைத்து போல்ட் முடுக்கியிருந்தார்.

"யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"யூ போல்ட் சும்மா கவ்விக்கிட்டுதானே நிக்குது? வண்டின்னா ஓட்ட போட்டு ஆணி எறக்கினாதாண்ணா கட்டு விடாது. எல்லாம் கையாலயே போட்டேன், தோள்பட்டையே கழண்டுபோச்சு." பாராட்டுவேன் என்று நின்றார் மனுஷன்!

"இது என்ன மாட்டுவண்டியா? மல இறக்கத்துல ரெண்டா முறிஞ்சா உள்ள இருக்கிறவன் கதி என்ன?" ரோட்டில் போனவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"அய்யோ சிவனே, தெரியாதுங்களே..." என்று சேசிஸைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, "கறுப்பு பெயிண்ட் அடிச்சிட்டா யாருக்கும் தெரியாதுல்லண்ணா?" என்றார்.

தெரியாதுதான். அதே யோசனை எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. கட்டி முடித்த பாடியைப் பிரித்துச் சட்டத்தைச் சரிபண்ணுவதென்றால் சும்மாவா? ஷெட்டையே விற்க வேண்டி வருமோ என்று பயம். ஷெட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

காலையில் புருஷனும் பெண்டாட்டியும் மாலையோடு வந்து இறங்கினார்கள். அந்தம்மா யாரையும் கேட்காமல் கேபினில் ஏறி, முந்தானையால் சீட்டைத் துடைத்து, ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். அதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை.

"வண்டி இன்னிக்குப் போகாதுங்க. சேசிஸ்ல ஓட்ட போட்டுட்டோம்."

போட்டுட்டோம் என்றதும் ஆசாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். லாரிக்காரர் அடியில் புகுந்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. சட்டையைப் பிடிப்பார், அடிப்பார் என்று காத்து நின்றேன். வந்தவர் எங்களைப் பார்க்கவே இல்லை.

"நீ கீழ எறங்கு," என்றார் மனைவியிடம். பிறகு என்னிடம், "சரி பண்ணுங்க, மேஸ்திரி. ஆனா சரியாச்சுன்னு வாயால சொன்னா நம்ப மாட்டேன். கல்லு லோடு ஏத்தி மேலுமலை எறங்குவேன். நீங்க ரெண்டு பேரும் எங்கூட உக்காரணும்."

ஆசாரியே முன்நின்று, கட்டிய பாடியைக் கட்டை கட்டையாகப் பிரித்தார். பெங்களூரிலிருந்து ஆள் வரவழைத்து, சட்டத்துக்கு உள்பக்கம் முழு நீளத்துக்கும் இரும்புப் பட்டை கொடுத்து ரிவிட் அடித்தோம். அந்தச் செலவில் ஷெட்டின் பாதி இடம் கைவிட்டுப் போனது. அது கிடக்கட்டும்.

கல் ஏற்றிய அன்று, மலையடிவாரத்தில் காத்திருக்கச் சொல்லி மனைவியை முன்னாலேயே பஸ்ஸில் அனுப்பிவிட்டார் லாரிக்காரர். சூளகிரி தாண்டினோம். மேலுமலை இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் பின்னால் கட்டைகள் முனகின. மரமா இரும்பா என்று தெரியாமல் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆசாரி என் தொடையை இறுக்கிப் பிடித்திருந்தார். வலித்தது.

அடிவாரத்தில் புளியமரத்தடியில் அந்தம்மா மறுபடியும் ஒரு மாலையோடு நின்றிருந்தாள். லாரிக்காரர் நிறுத்தி, அடியில் படுத்து, ஒவ்வொரு ரிவிட்டாகக் கை வைத்துத் தடவிப் பார்த்தார். நானும் ஆசாரியும் கேபினிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"இப்ப ஏறு," என்றார்.