தனியாகக் கேட்க வேண்டிய பாட்டு

கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி ஓர் அல்பம் அனுப்பியிருக்கிறான். எட்டுப் பாட்டு. ஒரு கிட்டார், அவன் குரல், ஃபோனில் பதிந்த கரகரப்பு... எல்லாமே மெதுவான, கவலையான பாட்டு. கூடவே அண்ணன் எனக்கு ஒரு வரி: "தனியா இருந்து கேளுங்க காக்கா."

தனியாகவா? கல்முனையிலா?

வீட்டில் ஹெட்போனை மாட்டினேன். "யாரோட கோவம்?" என்றாள் மனைவி. கடற்கரைக்குப் போனேன். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் வந்து குந்தினார். "என்ன தனியா இரிக்கீங்க, ஊட்டுல ஏதும் பிரச்சினையா?"

ஒரு மனிதன் கொஞ்ச நேரம் சும்மா கவலையாக இருக்கக் கூடாதா?

எரிச்சலோடு சம்மாந்துறை வயல் பக்கம் போய் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். பாட்டு தொடங்கியதுதான் தாமதம், ஒரு டிராக்டர் நின்றது. எங்கள் வயலை உழுபவர்.

"பைக் பழுதா காக்கா?"

"பெற்றோல் முடிஞ்சிட்டு." பச்சைப் பொய்.

"நில்லுங்க, வாங்கிட்டு வாறன்."

அவர் திரும்பி வரும்வரை கிடைத்ததுதான் என் தனிமை.

மூன்றாவது பாட்டில் யாரோ இருமுகிறார்கள். கட்டில் கிறீச்சிடுகிறது. "டேய், படுக்க விடுடா" என்று ஒரு குரல். "சொரி மச்சான்" என்கிறான் தம்பி. அதற்குப் பிறகு கிட்டார் இல்லை. போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல வெறும் குரல். மெதுவாகப் பாடுவது அவன் ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். ஆறு பேர் படுக்கும் அறையில் வேறு எப்படிப் பாடுவது? எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெற்றோல் போத்தலோடு வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பேச்சு எடுத்தார். "தம்பிர ஊட்டு வேலை எப்ப முடியுது?"

அப்போது வந்தது பாருங்கள் கோபம்.

ஊரே இதைத்தான் கேட்கிறது. அது தம்பியின் வீடா? தங்கச்சியின் சீதன வீடு. அது முடிந்தால்தான் மாப்பிள்ளை வருவான். தம்பி கலியாணம் முடித்தால் போகப்போவது பெண் வீட்டுக்கு — அதையும் இன்னொருத்தியின் சகோதரன் எங்கோ ஆறு பேர் அறையில் படுத்துக் கட்டிக்கொண்டிருப்பான். மணப்பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டியது ஆண் என்று ஜும்ஆப் பிரசங்கத்தில் கேட்டுத் தலையாட்டுகிறோம். வெளியே வந்ததும் பெண்ணுக்கு வீடு இருக்கிறதா என்று விசாரிக்கிறோம். வெட்கமாக இல்லையா நமக்கு?

இரவு தம்பி ஃபோனில் அழைத்தான். "தனியா கேட்டீங்களா காக்கா?"

"ஓம். நீ எப்ப தனியா இருந்து பாடப் போறாய்?"

"தங்கச்சிட ஊடு முடியட்டும் காக்கா."

மூன்று அறை வீடு அது. அதில் அவனுக்கு ஓர் அறைகூட இல்லை.