சிங்க்குக்குக் கீழே ஒரு வளைவு

எனக்கு வயது எழுபத்து நாலு. பெற்றது ஐந்து. தங்கையின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு வாசிக்கத் தெரியும். மிச்சத்தை வாரா வாரம் இந்தப் பத்திரிகைக்காக நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இன்றைக்கு நான் சொல்லப்போவது, ஒருவரைத் தவிர என் வீட்டில் யாருக்கும் தெரியாது. பேத்திக்கே இப்போதுதான் தெரியப்போகிறது.

போன சனிக்கிழமை எங்கள் குசினிக்கு ஒரு சிங்க் வந்தது.

இத்தனை காலமும் சட்டி பானை கழுவியது கிணற்றடியில், குந்தியிருந்துதான். மகளுக்கு நாரியில், முதுகின் அடியில், ஒப்பரேஷன். இனிக் குந்தவும் கூடாது, குனியவும் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். வந்த கையோடு கிணற்றடிக்குத்தான் போவாள். என் மகளை எனக்குத் தெரியாதா? அதற்குள் சிங்க் ஓட வேண்டும். பைப் வேலை செய்கிற பாஸோ கல்குடாவில் ஒரு ஹோட்டல் வேலையில் நிற்கிறார். "அடுத்த கிழமை பாப்பம்" என்று போனை வைத்துவிட்டார்.

ஆகவே மருமகனே இறங்கினார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். இரண்டு நாள் யூடியூப் பார்த்தார். போதாதா?

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். மாமியாரும் மருமகனும் ஒரே கூரையின் கீழ். அதனாலோ என்னவோ, பழைய ஆட்களான நாங்கள் மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பதில்லை. கோபமில்லை, மரியாதை. பதின்மூன்று வருடமாக எங்கள் கதையெல்லாம் மகள் வழியாகப் போகும், இல்லாவிட்டால் பேத்தி வழியாக.

"கொப்பாட்டச் சொல்லு புள்ள, சோறு ஆறுது."

"மாமிட்டச் சொல்லு, வாறன் எண்டு."

மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம்! மகளும் பேத்தியும் இல்லாத நேரத்தில் நான் கோழியிடம் சொல்வேன். அவர் கேட்டுக்கொள்வார்.

அன்றைக்கு மகள் ஆஸ்பத்திரியில். பேத்தி டியூஷனில். கோழியும் அடை கிடந்தது.

மருமகன் சுவரில் துளை போட்டார். குளியலறைத் தண்ணீர் போகிற குழியோடு சிங்க் பைப்பையும் சேர்த்தார். சிங்க்கின் அடியில் ஒரு பிளாஸ்டிக் நட்டு. அதிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி மடிப்பு மடிப்பான ஒரு பைப். அதை நேரே விடாமல், கீழே தொங்கவிட்டு மறுபடி மேலே வளைத்துக் கட்டுக்கம்பியால் கட்டினார். டெப்பைத் திறந்தார்.

நட்டுப் பக்கம் சொட்டு... சொட்டு... இறுக்கினார். சொட்டு. இன்னும் இறுக்கினார். சொட்டு இன்னும் வேகமானது.

எனக்குக் காரணம் தெரியும். எங்கள் வட்டையில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மெஷின் மக்கர் பண்ணினால் கழற்றிப் பூட்டுகிறவள் நான்தான். என் புருஷன் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பார். இப்படியான நட்டுக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. சரிவான பக்கம் பைப்பின் வாய்க்குள் போய் உட்கார வேண்டும். அவர் அதைத் தலைகீழாகப் போட்டிருந்தார். போடும்போதே கண்டுவிட்டேன். யாரிடம் சொல்ல?

கதவுநிலையில் நின்று இருமினேன். பலனில்லை. சுவரைப் பார்த்து, "ரப்பர் எண்டால் ரெண்டு பக்கமும் ஒண்டில்ல" என்றேன். சுவருக்கு விளங்கியது. அவருக்கு விளங்கவில்லை. பெரிய ஸ்பானரைக் கையில் எடுத்தார். இருப்பதே ஒரு நட்டு. அது வெடித்தால் மகள் இன்றைக்குக் கிணற்றடியில் குந்துவாள்...

வாய் தானாகத் திறந்துவிட்டது.

"இறுக்காதீங்க மகன்! நட்டு வெடிக்கும்!"

சிங்க்கின் கீழே 'ணங்' என்று தலை இடித்த சத்தம்.

"...என்ன மாமி?"

"ரப்பர் மாறிக் கிடக்கு. கழட்டித் திருப்பிப் போடுங்க. கையால இறுக்கினாலே காணும்."

கழற்றினார். திருப்பிப் போட்டார்.

"திறவுங்க மாமி."

திறந்தேன்.

"பூட்டுங்க... மறுகா திறவுங்க."

ஒரு சொட்டு இல்லை! கீழே அவர் சிரிப்பது கேட்டது.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே மாமி?"

"கோழி அடையில கிடக்கு மகன்" என்றேன்.

அவர் மகளைக் கூட்டிவரப் போனார். நான் சிங்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெருமையென்றால் அப்படியொரு பெருமை. பெருமை வந்தால் கண் அடுத்த பிழையைத் தேடும், இல்லையா?

தேடியது. கண்டும் பிடித்தது — அந்த வளைவை!

ஐம்பது வருடம் வாய்க்கால் வெட்டியவள் நான். வாய்க்காலில் எங்கே பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்குகிறதோ அங்கே சேறு சேரும், அப்புறம் அடைக்கும். இவரோ வேலை மினக்கெட்டு ஒரு பள்ளம் உண்டாக்கி, அதைக் கம்பியால் கட்டியும் வைத்திருக்கிறார்! பாவம், ரப்பர் தெரியாதவருக்குத் தண்ணீர் வாட்டம் எப்படித் தெரியும்? ஒரே நாளில் இரண்டு பிழை சொன்னால் மனம் நோகும். சொல்லாமலே திருத்திவிடுவோம்...

கம்பியை அவிழ்த்தேன். பைப்பை இழுத்து நேராக்கினேன். தண்ணீர் மடமடவென்று போனது.

பின்னேரம் மகள் வந்தாள். நாரியில் பட்டி, வாத்து நடை, கண் மட்டும் குசினியில். உள்ளே கால் வைத்ததும் மூக்கைப் பொத்தினாள்.

"என்னம்மா இந்த நாத்தம்? சிங்க் வாங்கினீங்களா, கக்கூசு வாங்கினீங்களா?"

உண்மைதான். குழிக்குள் கிடந்த நாற்றமெல்லாம் பைப் வழியாக ஏறி வந்து குசினியில் குடியிருந்தது.

மருமகன் குனிந்து பார்த்தார். நேராகக் கிடக்கிற பைப்பைப் பார்த்தார். கட்டுக்கம்பியைப் பார்த்தார். அது வட்டமாகச் சுற்றப்பட்டு ஆணியில் தொங்கியது. இந்த வீட்டில் கம்பித் துண்டைச் சுற்றி ஆணியில் மாட்டுகிற ஆள் ஒன்றே ஒன்றுதான். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"நாந்தான். வளைச்சுக் கட்ட மறந்துபோயிட்டன்" என்றார் மகளிடம்.

"நல்ல விஞ்ஞான வாத்தியார்! அம்மாட்டக் கேட்டிருந்தாலும் சரியாச் செஞ்சிருப்பா" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். நான்...? காலையில் தானாகத் திறந்த வாய், அப்போது ஆணி அடித்த மாதிரிக் கிடந்தது.

அவர் பைப்பை மறுபடி வளைத்துக் கட்டினார். ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினார். "இந்த வளைவுக்குள்ள எப்பவும் கொஞ்சத் தண்ணி நிக்க வேணும். அதுதான் மூடி. மேல இருந்து வாற தண்ணி போகும், கீழ இருந்து நாத்தம் வராது." மகளைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குத்தான் சொன்னார். ஜன்னலைத் திறந்துவிட்ட கொஞ்ச நேரத்தில் நாற்றம் போய்விட்டது.

வாய்க்காலுக்குப் பகையான தேங்கின தண்ணீர், சிங்க்குக்குக் காவல். எனக்கும் மருமகனுக்கும் நடுவிலும் அப்படியொரு வளைவு இருந்தது என்று நினைக்கிறேன். பதின்மூன்று வருடத்தில் ஒரு சண்டை ஏறி வந்ததில்லையே! ஆனால் வளைவு தண்ணீரைத் தடுக்கக் கூடாது. போக வேண்டியது போகத்தான் வேண்டும்.

ஒரு கிழமையாக மகள் நின்றபடியே கோப்பை கழுவுகிறாள். கழுவுகிற நேரமெல்லாம் அவரைக் கேலி செய்கிறாள். அவரும் சிரித்தபடி வாங்கிக்கொள்கிறார். எனக்குத்தான் சோறு இறங்குவதில்லை. பெற்ற மகளிடம் போய், நான்தான் அவிழ்த்தேன் என்று சொல்ல இந்த வாய்க்கு வரவில்லை. உங்களிடம் வந்துவிட்டது.

எழுதினது காணும் புள்ள. ஒருக்கா வாசி பாப்பம்... மெல்லமா இல்ல. கொம்மா சிங்க்கடியில நிக்கிறா. அவக்குக் கேக்கிற மாதிரி வாசி!